கொழும்பை நோக்கி ஓடும் பாதைகள்

இலங்கையின் புகையிரதப் பாதைகளைக் காட்டும் படமொன்றை மேசைமீது விரித்து நோக்குவோமாயின் ஓர் உண்மை உடனே புலப்படும். பதுளையிலிருந்தும், காங்கேசன்துறையிலிருந்தும், மாத்தறையிலிருந்தும், புத்தளத்திலிருந்தும் புறப்படும் பாதைகள் யாவும் ஈற்றில் ஒரே இடத்திற் சென்று முடிகின்றன. காலியிலிருந்து பதுளைக்கோ, இரத்தினபுரியிலிருந்து கண்டிக்கோ நேரே செல்லும் தண்டவாளம் என்றுமே இருந்ததில்லை. ஊரோடு ஊரை இணைக்கும் நோக்கம் இப்பாதைகளை வகுத்தோருக்கு இருக்கவில்லை. நாட்டின் உள்ளே விளைவதைத் துறைமுகத்துக்கு இறக்க வேண்டும். அதுவே அவர்தம் கணக்கு. இக்கணக்கின் ஓரத்திலே எத்தனையோ சிறு பட்டினங்கள் தோன்றின, சில தேய்ந்தன. அவற்றின் கதை தேசாதிபதிகளின் பெயர்ப் பட்டியலுக்கு இடையே மறைந்து கிடக்கின்றது.

முதலிற் காலியை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தீவின் வாசல் கொழும்பு அன்று, காலியே. 1840களில் பீ. அன்ட் ஓ. கம்பனியின் நீராவிக் கப்பல்கள் சூயெசுக்கும் கல்கத்தாவுக்குமிடையே தபால் கொண்டு ஓடத் தொடங்கிய காலந்தொட்டு அவை நிலக்கரி ஏற்றுவதற்கும் பிரயாணிகளை மாற்றுவதற்கும் காலியிலேயே தங்கின. ஐரோப்பியச் செய்தி முதலில் காலிக்கு வந்தது. கொழும்பு அதற்காகக் காத்திருந்தது. 1850 தொடக்கம் சில ஆண்டுகளாக 'ஒப்சேவர்' பத்திரிகை, கப்பல் கொணர்ந்த செய்திகளைப் புறாக்களின் மூலம் காலியிலிருந்து கொழும்புக்கு அனுப்புவித்தது. இலண்டனிற் கோப்பியின் விலை ஏறியதா இறங்கியதா என்பதை அறிய எழுபத்திரண்டு மைல் தொலைவைப் பறவையின் சிறகை நம்பிக் கடந்தனர் வணிகர். 1858இல் இவ்விரு நகரங்களுக்குமிடையே தந்திக்கம்பி இழுக்கப்பட்டது. புறாக்கள் ஓய்வு பெற்றன.

காலித் துறை ஆபத்தற்றதன்று. நீரின் கீழே பாறைகள் மறைந்து கிடந்தன. 1860 மே மாதத்தில் 'மலபார்' என்னுங் கப்பல் அங்கே மோதியழிந்தது. சீனத்தின்மீது போர் நடத்தச் சென்றுகொண்டிருந்த எல்ஜின் பிரபுவும் பிரெஞ்சுத் தூதர் குரோ பிரபுவும் அதிலே இருந்தனர். இருவரும் உயிர் தப்பினர். அதே ஆண்டு அக்டோபரில் பீக்கிங்கின் கோடை மாளிகை எரிக்கப்பட்டது எல்ஜினின் கட்டளையாலேதான். 1871இல் 'இரங்கூன்' என்னும் இன்னொரு கப்பலும் காலிக்கு வெளியே மூழ்கியது. ஆயினும் காலி வீழ்ந்தமைக்குப் பாறைகளே காரணமென்று கூறுவோர் பாதிக் காரணத்தையே கூறுகின்றனர். கொழும்போ இயற்கைத் துறைமுகமே அன்று. தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் திறந்து கிடந்த வெறுங் கடற்கரை. பணமும் பொறியியலும் காலியின் பாறைகளைத் தகர்த்திருக்கலாம். அவை கொழும்பிற் கடலுக்குச் சுவர் கட்டுவதற்கே சென்றன.

ஏன்? விடை மலைநாட்டில் இருக்கின்றது. 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரையும், 1867இற் கண்டி வரையும் புகைவண்டி ஓடிற்று. அதற்குமுன் கோப்பி மூடைகள் எட்வேட் பான்ஸ் தேசாதிபதி இராசகாரிய ஊழியத்தால் வெட்டுவித்த கண்டித் தெருவழியே மாட்டு வண்டிகளிற் பல நாட்கள் ஊர்ந்து வந்தன. இரயில் வந்தபின் அவை சில மணி நேரத்திற் கொழும்புக்கு இறங்கின. தோட்டத் துரைமாரின் பயிர் இறங்குமிடம் கொழும்பு என்றானதும், கப்பல் நிற்குமிடமும் கொழும்பாகவே இருக்கவேண்டியதாயிற்று. தேசாதிபதி கிறகரி இத்திட்டத்தை முன்னின்று நடத்தினார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். நாலாயிரம் அடிக்கு மேல் நீண்ட அச்சுவர் 1885இல் முடிவுற்றது. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1882இல், பீ. அன்ட் ஓ. கம்பனி காலியை விட்டுக் கொழும்புக்குப் பெயர்ந்துவிட்டது.

கப்பலோடு போனவை எவை என்று எண்ணிப் பார்க்கவேண்டும். பிரயாணிகளைக் கரைசேர்த்த ஓடக்காரர், நிலக்கரி சுமந்த கூலிகள், மாணிக்கக்கல்லும் சரிகைப் பின்னலும் ஆமையோட்டுச் சீப்பும் விற்ற வியாபாரிகள், விடுதிப் பணியாளர் ஆகியோரின் பிழைப்பு ஒரு கம்பனியின் தீர்மானத்தால் அறுந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய தொழிலில் எக்குறையும் நேர்ந்திருக்கவில்லை. காலிக்குப் புகைவண்டி வந்தது 1894இல்; துறைமுகம் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின்! மறு ஆண்டு அது மாத்தறையை அடைந்தது. அப்பாதை காலிக்குப் புதிய வணிகத்தைக் கொணரவில்லை. எஞ்சியிருந்த சரக்கையும் கொழும்புக்கு ஏற்றிச் செல்ல வழிசெய்தது. பாதை வந்தால் ஊர் வளரும் என்று நம் அரசியல்வாதிகள் மேடைதோறும் கூறுவதைக் கேட்கும்போதெல்லாம் காலியின் நினைவு எழுகின்றது. பாதைக்கு இரு முனைகள் உண்டு. எந்த முனையில் வங்கியும் கப்பலும் அதிகாரமும் இருக்கின்றனவோ, அம்முனையை நோக்கியே சரக்கு சரியும்.

காலிக்கோட்டை இன்று உலகத்தாரால் வியக்கப்படுகின்றது. கொழும்புக் கோட்டையின் மதில்களோ 1869ஆம் ஆண்டிலிருந்து இடிக்கப்பட்டன. வளரும் நகருக்கு அவை இடையூறாய் நின்றன. காலியின் ஒல்லாந்தர் மதில் நிலைத்தமைக்கு, அதை இடித்துவிட்டு வேறொன்றைக் கட்டுமளவுக்கு அங்கே யாருக்கும் ஆதாயம் இல்லாமற் போனமை முக்கிய காரணம். ஏழ்மை பாதுகாத்த அச்செல்வத்தை 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. 2011 நவம்பரில் தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டதும் கொழும்பு மீண்டும் காலியின் வாசலுக்கு வந்தது. இம்முறை மூடைகளை ஏற்றிச்செல்ல அன்று. வார இறுதியைக் கழிக்க. கோட்டைக்குள்ளே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களின் வீடுகள் பல வெளிநாட்டாரும் கொழும்புச் செல்வரும் வாங்கிய விடுதிகளாயின.

மலைநாட்டுப் பட்டினங்களின் பிறப்பு வேறு வகையானது. காலி பழைய ஊர். அட்டனோ பாதை பெற்ற பிள்ளை. அதன் பெயர்கூட ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு கிராமத்தின் பெயர். 1874இற் புகைவண்டி நாவலப்பிட்டியை அடைந்து பத்தாண்டுகள் அங்கேயே நின்றது. அப்பத்தாண்டுகளும் நாவலப்பிட்டிக்குப் பொற்காலம். திம்புளை, டிக்கோயாத் தோட்டங்களின் வண்டிகளெல்லாம் அங்கேதான் இறங்கின. 1884இல் தண்டவாளம் அட்டனுக்கு ஏறியதும் அந்தப் பாக்கியமும் மலையேறிற்று. நாவலப்பிட்டி முற்றாகச் சாய்ந்துவிடவில்லை. செங்குத்தான ஏற்றத்துக்குரிய எஞ்சின்களை வைத்திருக்கும் இடமாக அது தொழிலாளர் பட்டினமாயிற்று. மறு ஆண்டு நானுஓயா, 1894இற் பண்டாரவளை, 1924இற் பதுளை என்று பாதை முன்சென்றது.

இவ்வாண்டுகளிலேயே கோப்பி நோயால் அழிந்து தேயிலை பரவியது. இம்மாற்றம் பட்டினங்களின் தன்மையையே மாற்றியது. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது அறுவடைப் பருவத்திலே. பின்னர் பெரும்பாலோர் தமிழகத்துக்குத் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. பறித்த கொழுந்து தாமதமின்றித் தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டியது. ஆகவே தோட்டந்தோறும் யந்திரம் வந்தது. லயன் அறைகளிற் குடும்பங்கள் நிலைத்தன. கீழே தேயிலைப் பெட்டி இறங்கியது. மேலே பர்மா அரிசி ஏறியது. இவ்விரண்டுக்கும் நடுவே அட்டனும் தலவாக்கலையும் கடைத்தெருக்களாய் வளர்ந்தன. கடைக்காரர் கொழும்புச் செட்டியார் தெருவிற் கடன் பட்டார். தோட்டம் கொழும்பு ஏஜென்சிக் கம்பனியின் சொற்படி நடந்தது. 1883இற் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கியபோதிலும் விலையின் நாடி இலண்டன் மின்சிங் லேனிலேயே துடித்தது. அட்டனுக்குக் கொழும்பு பெருநகர். கொழும்புக்கு இலண்டன் பெருநகர்.

இச்சங்கிலியின் அடிக்கண்ணியாகிய தொழிலாளிக்கு அப்பட்டினத்தில் என்ன உரிமை இருந்தது? தண்டவாளம் வருமுன் அவன் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக நூற்றுமுப்பது மைலுக்கு மேற்பட்ட காட்டை நடந்து மாத்தளையை அடைந்தான். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. உயிரோடு வந்து சேர்ந்தவர்களின் நன்றியே மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலாக எழுந்தது என்பர். 1921இல் 'துண்டு' முறை ஒழிக்கப்படும்வரை அவனுடைய கடன்சீட்டே அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றியது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. அட்டன் கடைத்தெருவை வாழவைத்தவன் அந்நகரின் ஆட்சியில் வாக்கின்றி நின்றான். பின்னாளிலும், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டங்களுக்குச் செலவிடப்படுவதற்குத் தடையாய் நின்றது. பட்டினத்தின் தார்வீதி தோட்டத்து எல்லையில் நின்றுவிட்டதன் காரணத்தை இச்சட்டப் புத்தகத்திற் காணலாம். அது 2018இலேயே திருத்தப்பட்டது.

பெருநகரை நோக்காத பாதைகளும் ஒரு காலத்தில் எழுந்தன என்பதை மறத்தல் நியாயமன்று. 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. ஆதாயம் தரும் வீதியிலேயே போட்டியிட்டு ஓடிய கம்பனிகளின் இடத்தில், நட்டம் வரினும் ஓடவேண்டிய அரச பஸ் வந்தது. இது சிறுநகரைத் தன்னைச் சூழ்ந்த கிராமங்களோடு பிணைத்தது. 1945இன் இலவசக் கல்வியும் மத்திய மகாவித்தியாலயங்களும் பயன் தந்தமைக்கு இந்தப் பஸ்ஸும் துணை நின்றது. விடியற்காலையில் பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ்ஸை அறியாத ஆசிரியர் நம்மிடையே உளரோ? 1979இல் தனியாருக்கு வீதி மீண்டும் திறக்கப்பட்டது. இலாபம் காட்டாத கிராமத்துத் தடங்கள் தேய, கொழும்புக்குச் செல்லும் தடங்களில் வண்டிகள் நெருக்கியடித்தன.

இறுதியாகத் தலைமன்னார். மதவாச்சியிலிருந்து கடற்கரைவரை 1914இல் இரும்புப்பாதை போடப்பட்டது; தனுஷ்கோடிக் கப்பலும் சேர்ந்தோடத் தொடங்கிற்று. கொழும்புக்கும் சென்னைக்கும் நடுவே ஒரு மணற்கரை பட்டினமாயிற்று. மண்டபம் முகாமிற் சோதிக்கப்பட்டு வந்த தொழிலாளர் இவ்வழியே மலைக்குச் சென்றனர். 1964 அக்டோபரிற் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. அதே ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறிற்று. அட்டனிலும் நாவலப்பிட்டியிலும் புகையிரத மேடைகளிற் குடும்பங்கள் கதறிப் பிரிந்தன. அண்ணன் இந்தியப் பிரசை; தம்பி இலங்கைப் பிரசை. மலையகத்தார் அவ்வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். பாட்டனார் மலைக்கு வந்த அதே தண்டவாளத்தில், அதே மண்டபம் முகாமை நோக்கிப் பேரன் இறங்கிச் சென்றான்.

1984இற் கப்பல் நின்றது. 1990இற் போரினால் இரயிலும் நின்றது. தண்டவாளங்கள் காணாமற் போயின. 2015 மார்ச்சில் தலைமன்னார்த் துறைவரை பாதை மீண்டும் திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து வந்த வண்டி கடலோரத்தில் நின்றது. ஏறிச்செல்ல அங்கே கப்பல் இருக்கவில்லை. வந்தவர்கள் பழைய இறங்குதுறையின் துருவேறிய தூண்களைப் பார்த்துவிட்டு அதே வண்டியில் திரும்பினர்.