தூரத்து உறவினரின் முகங்காட்டும் காமிராவின் சரித்திரம்



அயல்நாட்டில் வாழும் மக்களின் முகத்தைக் காண வேண்டுமென்னும் ஆவல் நம் திண்டுக்கல் சீமையிலுள்ள பெற்றோர்க்கு இன்று புதிதாய் உண்டானதன்று. மழை பொய்த்த காலங்களில் பழைய மதுரை ஜில்லாவின் வறண்ட கிராமங்களிலிருந்து ஜனங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்றார்கள். 1875-இல் இருப்புப்பாதை நம் ஊர் வழியே அமைந்தது. 1914-இல் பாம்பன் பாலமும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் ஏற்பட்டன. 1926 முதல் 1973 வரை நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் ‘ரஜூலா’ என்னும் கப்பல் இணைத்து நின்றது. போனவர் திரும்புவதற்குள் தாய் கண்மூடிய குடும்பங்கள் எத்தனையோ! கடிதத்தோடு ஒரு போட்டோ வந்துவிட்டால், அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டி, வந்தோர் போவோர்க்கெல்லாம் காட்டி மகிழ்ந்தனர்.

இக்காலத்துப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் ஆகாயமார்க்கமாய்ச் செல்கின்றனர். ஆயினும் பின்தங்கிய முதியோரின் ஏக்கம் அன்றிருந்ததே. அவ்வேக்கம் தீரும்பொருட்டு, கணிப்பொறியில் பொருத்தும் வெப்காம் என்னும் காமிராவை வாங்க விரும்பும் நம்மவர் பலர், “எதை வாங்கலாம்?” என்று வினவுகின்றனர். கடைக்காரர் சொல்லும் விடையைக் காட்டிலும் சரித்திரம் சொல்லும் விடை தெளிவானது. அதனையே இங்கு எழுதப் புகுந்தோம்.

முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியை ஜனங்களின் உபயோகத்துக்கு முதன்முதல் திறந்தவர்கள் ஜெர்மானியர். 1936-இல் பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே அத்தகைய சேவையைத் தபாலிலாகா தொடங்கிற்று. 1940-இல் அது நின்றுபோயிற்று. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியார் ‘பிக்சர்போன்’ என்னும் யந்திரத்தைக் காட்டினர். அவ்வாண்டு ஏற்பட்ட பேச்சுக்கூண்டுகளில், நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு மூன்று நிமிஷம் பேசப் பதினாறு டாலர் கட்டணம். 1970-இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் அதனைக் கொடுக்கத் தொடங்கியபோது மாதவாடகை 160 டாலர். யந்திரம் நல்லதே, ஆனால் தோல்வியுற்றது. காரணம் யாது? விலை ஒன்று. மற்றொன்று, ஒருவர் வாங்கினாலும் அவர் காண விரும்புகிறவர் வீட்டில் அஃதில்லை. ஒருவன் மட்டும் வைத்திருக்கும் முகங்காட்டும் யந்திரம், சாவியில்லாத பூட்டுக்கு ஒப்பாகும்.

நிற்க. பின்னர் வென்றது மிக எளிய ஒரு கருவி. 1991-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கணிப்பொறிச் சாலையில், காப்பிப் பாத்திரத்தில் காப்பி உண்டா இல்லையா என்பதை இருந்த இடத்திலிருந்தே அறியும்பொருட்டு ஒரு காமிராவை வைத்தனர். 1993-இல் அப்படம் இன்டர்நெட்டில் உலகோர் காண வெளியாயிற்று. 1994-இல் கனெக்டிக்ஸ் கம்பெனியார் ‘குவிக்காம்’ என்ற சிறு உருண்டைக் காமிராவை ஏறக்குறைய நூறு டாலருக்கு விற்றனர். அதில் வர்ணமில்லை, சாம்பல் நிறத்தில் பதினாறு சாயைகள் மாத்திரமே. அகலத்தில் 320, உயரத்தில் 240 படப்புள்ளிகள். இருந்தும் சாமானியர் வாங்கினர். மறுவருஷம் 1995 ஆகஸ்டு 15-ந் தேதி நம் தேசத்தில் பொதுஜனங்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது.

நம் அண்டைச் சீமையில் நடந்ததொன்றை இங்கு அவசியம் கூற வேண்டும். நத்தத்துக்கு அப்பாலுள்ள மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில், 2001 முதற்கொண்டு, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் வகுத்த ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொடர்பைக் கொண்டு கணிப்பொறிக் கூடங்கள் ஏற்பட்டன. அதன் வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்டுதான். அவ்வளவு மெல்லிய தொடர்பிலும், நோயாளியின் கண்ணைச் சிறு காமிராவால் படம்பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி, டாக்டரின் ஆலோசனை பெற்றனர். கூலி இழந்து பஸ் ஏறிச் செல்லவேண்டிய ஏழைகளுக்கு இது பேருபகாரம். பின்னர் தேனிப் பக்கத்திலும் கிராமக் கண் பரிசோதனை நிலையங்களிலிருந்து டாக்டரோடு முகம்பார்த்துப் பேசும் ஏற்பாட்டை அம்மருத்துவமனையார் செய்தனர்.

இச்சரித்திரத்தால் விளங்குவது யாதெனில், காமிராவின் பெருமை விலையில் இல்லை. இருபுறமும் இருப்போர்க்கு அது பயன்படுவதிலேயே உளது என்பதாம். ஆதலால் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில.

அகலத்தில் 1920, உயரத்தில் 1080 படப்புள்ளிகள் உள்ள சாதாரணக் காமிரா குடும்பத்துக்குப் போதும்.  மங்கிய வெளிச்சத்தில் முகம் தெரிகிறதா என்று கடையிலேயே பரீட்சித்துக் கொள்க. ஒருவர் மட்டும் பேசுவதாயின் குறுகிய பார்வையுள்ளதும், குடும்பமே கூடி அமர்வதாயின் எண்பது தொண்ணூறு பாகை அகன்ற பார்வையுள்ளதும் தக்கன. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்க எண்ணுவோர், அப்பெட்டி காமிராவை ஏற்குமா என்று முன்னரே கேட்டறிதல் நலம். கண்ணை மூடும் சிறு மூடி இருத்தல் அவசியம். பூட்டுக்குப் பேர்போன ஊரார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

காமிராவினும் முக்கியமானது அதனை வைக்கும் இடம். யாம் அறிந்த ஓர் இல்லத்தில் உயர்ந்த காமிரா வாங்கி, வெயில் கொளுத்தும் ஜன்னலுக்கு முதுகு காட்டிப் பாட்டியை உட்கார வைத்தனர். கடலுக்கப்பால் இருந்த பேரன் கண்டது ஒரு கரிய நிழலை. நாற்காலியைத் திருப்பிப் போட்டபின் முகம் மலர்ந்து தோன்றிற்று. செலவு ஒரு காசுமில்லை. வெளிச்சம் முகத்தின்மேல் விழ வேண்டும். காமிரா கண்ணின் உயரத்தில் நிற்க வேண்டும். மின்விசிறியின் இரைச்சல் மைக்கில் புகாதிருக்க வேண்டும். காது மந்தமான முதியோர்க்குப் படத்தைவிட ஓசையே பிரதானம்.

பேசும் சாதனங்களோ மாறிக்கொண்டே இருக்கும். 2003-இல் பிறந்து, பின்னர்ப் படத்தையும் காட்டிய ஸ்கைப், 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. 2016-இல் வாட்ஸாப்பிலும் முகம்பார்க்கும் வசதி வந்தது. ஒன்று போய் ஒன்று வரும்போதெல்லாம் திகைத்து நிற்பவர் முதியோரே. 2020-இல் ஊரடங்கு வந்தபோது, ஈமக்கடனைக்கூடத் திரையில் பார்த்து அழ நேர்ந்த குடும்பங்கள் உண்டு. அன்று அந்தச் சிறு கண்ணின் அருமையை யாவரும் அறிந்தோம்.

ஆகையால் நம் வாலிபர்கட்கு ஒரு விண்ணப்பம். மக்களை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர் நம் தெருக்களில் பலர். வாரம் ஒருநாள் அவ்வில்லங்களுக்குச் சென்று, காமிராவைப் பொருத்தி, நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பி, அவர்கள் கையாலேயே இயக்கப் பழக்கி வருவீராக. அக்காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதார்க்குக் கடிதம் படித்துக் காட்டிய பெரியோரின் தர்மம் எதுவோ, இக்காலத்தில் அதுவே இது.