லோப் செவ்வியல் நூலகம்

லோப் செவ்வியல் நூலகம் என்பது பண்டைய கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களை, மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமையுமாறு வெளியிடும் நூல் வரிசை ஆகும். பெயரில் நூலகம் என்று இருப்பினும் இது நூல்களை இரவல் தரும் இடம் அன்று. இதன் முதல் தொகுதிகள் 1912ஆம் ஆண்டில் வெளிவந்தன. இம்மொழிகளை முறையாகக் கற்க வாய்ப்பில்லாதவர்களும், கற்று மறந்தவர்களும் மூல நூல்களை அணுக வழிசெய்தமை இவ்வரிசையின் சிறப்பு ஆகும்.

தோற்றம்

இதனை நிறுவிய ஜேம்ஸ் லோப் (1867–1933) நியூயார்க்கில் வங்கித் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். 1888இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். செவ்வியல் கல்வியில் ஆழ்ந்த ஈடுபாடு இருந்தும் குடும்ப நிறுவனத்திலேயே பணியாற்றினார். 1901இல் அதிலிருந்து விலகிய பின்னர் செருமனியில் குடியேறி, பண்டைய கலைப்பொருட்களைச் சேகரிப்பதிலும், கிரேக்க நாடகம் பற்றிய பிரெஞ்சு ஆய்வு நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதிலும் ஈடுபட்டார்.

அக்காலத்தில் பள்ளிக் கல்வியில் அறிவியலும் தற்கால மொழிகளும் இடம்பெறத் தொடங்கியிருந்தன. கிரேக்கமும் இலத்தீனும் பின்தள்ளப்பட்டு வந்தன. கட்டாயப் பாடமாக இருந்த கிரேக்கத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1919இலும், ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் 1920இலும் நீக்கின. மொழியறிவு அருகினால் இலக்கியமும் மறக்கப்படும் என லோப் கவலையுற்றார். இருமொழிப் பதிப்பு என்னும் எண்ணத்தை அவருக்கு அளித்தவர் பிரெஞ்சு அறிஞர் சாலமன் ரெய்னாக் ஆவார்.

முதல் பதிப்பாசிரியர்களாக டி. ஈ. பேஜ், டபிள்யூ. எச். டி. ரௌஸ் ஆகியோர் பொறுப்பேற்றனர். ரௌஸ் கல்கத்தாவில் பிறந்தவர். பாளி மொழியிலுள்ள ஜாதகக் கதைகளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். கேம்பிரிட்ஜில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தபோது, கிரேக்கத்தையும் இலத்தீனையும் பேச்சு மொழியாகவே மாணவர்களுக்குக் கற்பித்தார்.

நூல்களின் அமைப்பு

இந்நூல்கள் சட்டைப்பையில் எடுத்துச் செல்லத்தக்க அளவில் அமைந்தவை. கிரேக்க நூல்கள் பச்சை அட்டையிலும் இலத்தீன் நூல்கள் சிவப்பு அட்டையிலும் வெளிவருகின்றன. இடப்பக்கத்தில் மூலமும் வலப்பக்கத்தில் மொழிபெயர்ப்பும் இடம்பெறும். பொருள் விளங்காத இடத்தில் வாசகர் அகராதியைத் தேடாமல் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். காப்பியம், நாடகம் ஆகியவற்றுடன் வரலாறு, மெய்யியல், மருத்துவம், வேளாண்மை முதலிய துறை நூல்களும் இவ்வரிசையில் உள்ளன. வரிசை எண் 1 பெற்ற நூல் ரோட்சு நகர அப்பல்லோனியசின் ஆர்கோனாட்டிக்கா என்னும் கிரேக்கக் காப்பியம் ஆகும்.

வரவேற்பும் விமர்சனமும்

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1917இல் எழுதிய மதிப்புரையில் இவ்வரிசையைப் பாராட்டினார். தேர்வுக்காகவோ தொழிலுக்காகவோ அன்றி விருப்பத்தினால் மட்டுமே படிக்கும் சாதாரண வாசகருக்கும் இந்நூல்கள் உரிய இடம் அளித்தன என்பது அவர் கருத்து. கிரேக்கம் கடினமான மொழி என்பதையும், துணையின்றி அதனைப் படிப்போர் மிகச் சிலரே என்பதையும் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வுல்ஃபின் உடன்பிறந்த ஆண்கள் கேம்பிரிட்ஜுக்குச் சென்று பயின்றனர்; அவரோ இலண்டனில் பெண்களுக்கான வகுப்புகளிலும், வீட்டில் தனி ஆசிரியைகளிடமும் கிரேக்கம் கற்றார்.

மாறாக, மொழிபெயர்ப்பு அருகிலேயே இருப்பதால் மாணவர் இலக்கணத்தை உழைத்துக் கற்கமாட்டார்கள் என ஆசிரியர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். இதற்கு எளிய விடை இல்லை. எதிர்ப்பக்கத்தை மட்டுமே படிப்பவர் மூலமொழியைக் கற்பதில்லை. ஆயினும் அப்பக்கம் இல்லையெனில் நூலையே திறந்திராதவர் பலர்.

தொடக்ககால மொழிபெயர்ப்புகளில் மற்றொரு குறையும் இருந்தது. பாலியல் தொடர்பான பகுதிகள் விடப்பட்டன அல்லது மாற்றி எழுதப்பட்டன. மார்சியலின் இலத்தீன் கவிதைகளில் ஆபாசம் எனக் கருதப்பட்டவை ஆங்கிலத்துக்குப் பதிலாக இத்தாலிய மொழியில் தரப்பட்டன. இதனால் மொழியறியாத வாசகரே ஏமாற்றப்பட்டார். பின்னர் இக்குறை களையப்பட்டது. மார்சியலின் புதிய மொழிபெயர்ப்பு 1993இல் வெளிவந்தது. அரிஸ்டோபனீசின் நாடகங்களுக்கான புதிய பதிப்பு 1998 முதல் வெளிவரத் தொடங்கியது.

பிற்காலம்

லோப் 1933இல் காலமானபோது தமது விருப்ப ஆவணத்தின்படி இவ்வரிசையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். இலண்டனின் ஹைன்மன் பதிப்பகம் தொடக்கம் முதல் இதன் வெளியீட்டில் பங்கு கொண்டிருந்தது. 1989 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகம் மட்டுமே இதனை வெளியிட்டு வருகிறது. இன்று இவ்வரிசையில் 500க்கும் மேற்பட்ட தொகுதிகள் உள்ளன. 2014 முதல் இவற்றை இணையத்திலும் கட்டணம் செலுத்திப் படிக்கலாம்.

இவ்வமைப்பைப் பின்பற்றிப் பிற மொழி இலக்கியங்களுக்கும் நூல் வரிசைகள் தோன்றின. சமசுகிருதத்திற்கான கிளே சமசுகிருத நூலகம் 2005இலும், இந்திய மொழிகள் பலவற்றுக்கான மூர்த்தி இந்தியச் செவ்வியல் நூலகம் 2015இலும் தம் முதல் நூல்களை வெளியிட்டமை குறிப்பிடத்தக்கது.