முதல் அளவின் கட்டாயம்: பல் இம்ப்ளான்ட்டைச் சுற்றிய ஈற்றின் பின்தொடர் கண்காணிப்பு

இம்ப்ளான்ட் ஆடவில்லை, வலியில்லை, எக்ஸ்ரேயில் எலும்பு தெரிகிறது என்ற மூன்றையும் வைத்து ஈறு நலமாக இருப்பதாக முடிவுசெய்யும் வழக்கம் இன்னும் தொடர்கிறது. கேப் பொருத்திய காலத்திலேயே ஈற்றுப் பையின் ஆழத்தை அளந்து குறித்துவைக்காவிட்டால், பின்னால் எத்தனை முறை பரிசோதித்தாலும் நோய் தாமதமாகவே பிடிபடும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இயற்கைப் பல்லின் வேரைச் சிமென்டம் போர்த்தியிருக்கிறது. ஈற்றின் நார்கள் அதனுள் புகுந்து பிடித்துக்கொள்கின்றன. டைட்டானிய இம்ப்ளான்ட்டுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. சுவீடனின் கோத்தன்பர்க்கில் பெர்க்லுண்ட், லிண்டே முதலியோர் 1990களின் தொடக்கத்தில் நாய்களிடம் செய்த ஆய்வுகளில், நார்கள் இம்ப்ளான்ட்டின் பரப்புக்கு இணையாக ஓடுவதும், அதையொட்டிய திசுவில் இரத்தக் குழாய்கள் குறைவாக இருப்பதும் தெரியவந்தன. அழற்சி கீழிறங்குவதற்கு இங்கே தடை குறைவு. ஆனால் எலும்பு பெருமளவு கரைந்த பிறகும், அடியில் மிச்சமிருக்கும் எலும்பின் பிடியிலேயே இம்ப்ளான்ட் அசையாமல் நிற்கும். ஆட்டம் கண்டால் அந்தக் கடைசிப் பிடியும் போய்விட்டது என்று பொருள். எக்ஸ்ரேயோ இரு பக்கவாட்டு எலும்பைத்தான் காட்டும். கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் அதில் மறைந்துவிடும். எலும்பைத் தொடாத ஈற்றழற்சி அதில் தெரியவே தெரியாது.

ஆழம் அளக்கும் மெல்லிய கருவியான புரோப்பை நுழைத்தால் ஈற்றின் ஒட்டு கிழியும் என்ற அச்சம் நெடுநாளாக உண்டு. இதற்கு விடை 2002இலேயே கிடைத்துவிட்டது: நாய்களில் நடந்த ஆய்வில், புரோப் விலக்கிய ஒட்டு 5 நாளில் மீண்டும் கூடியது. சுமார் 0.25 நியூட்டன் அளவிலான மெல்லிய அழுத்தமே போதும்.

அமெரிக்க, ஐரோப்பியப் பல்சுற்று மருத்துவ அமைப்புகள் 2017இல் கூட்டிய உலகப் பயிலரங்கு, ஆரோக்கியமான ஆழம் இத்தனை மில்லிமீட்டர் என்று எல்லோருக்கும் பொதுவாக வரையறுக்க இயலாது என்றது. முந்தைய அளவைவிட ஆழம் கூடியிருக்கிறதா, இரத்தமோ சீழோ வருகிறதா, தொடக்க மாற்றங்களுக்கு அப்பால் எலும்பு இழப்பு உண்டா என்பவையே கேள்விகள். பழைய அளவு இல்லாதவர்களுக்கு அது வேறு வரையறை தந்தது: இரத்தக் கசிவோ சீழோ இருப்பதுடன், 6 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழமும் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எலும்பு இழப்பும் வேண்டும். அதாவது, முதல் அளவு இல்லாத நோயாளி, நோய் உறுதிப்படும் முன்பே அவ்வளவு எலும்பையும் இழந்திருக்க வேண்டும். பதிவில் விட்ட ஒரு வரிக்கு இது மிகப் பெரிய விலை.

இரத்தக் கசிவையும் அளவோடுதான் வாசிக்க வேண்டும். கசிவே இல்லையென்றால் பெரும்பாலும் நலம் என நம்பலாம். ஒரே புள்ளியில் துளிர்க்கும் இரத்தம் புரோப் குத்தியதாலும் வரலாம். கோடாகப் பரவினாலோ பெருகினாலோ அதை அழற்சியாகவே கொள்ள வேண்டும்.

எலும்பு கரையும் முன், கசிவுக் கட்டத்திலேயே பிடித்தால் என்ன பயன்? எலும்பு கரையாத ஈற்றழற்சியை, படிவை நீக்கிப் பெரும்பாலும் தணிக்க முடியும். பிரேசிலில் கோஸ்டா குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஈற்றழற்சி இருந்தவர்களை 5 ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டது. தொடர் பராமரிப்பு பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 43.9 விழுக்காட்டினருக்கும் நோய் எலும்புவரை சென்றிருந்தது.

ஆகவே கேப் பொருத்தியபின் ஒவ்வொரு இம்ப்ளான்ட்டையும் சுற்றி ஆறு இடங்களில் ஆழத்தை அளந்து, எக்ஸ்ரேயுடனும் இம்ப்ளான்ட்டின் பெயர், அளவுடனும் ஒரு பிரதியை நோயாளியின் கையிலேயே கொடுங்கள். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் அடுத்தவர் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.