சோளகம் தளர்ந்த காலம்

பண்டத்தரிப்புப் பனைகளுக்கு நீர் தருவது மாரிமழை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்து வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றுத்தான் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளை நிரப்புகிறது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகமோ தன் மழையைப் பெரும்பாலும் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டுகிறது; வடக்கே வரண்ட காற்றாகவே வீசுகிறது. இலங்கையின் பழங்காலத் தட்பவெப்பத்தைப் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் மனதில் இருத்த வேண்டும்.

ஏனென்றால் நம் தீவின் சிறந்த சான்று மலைநாட்டில் இருக்கிறது. 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்புக் கரிமண்ணில் படிந்திருந்த மகரந்தத் துகள்களை ஆய்வாளர்கள் பிரேமதிலக்கவும் ரிஸ்பெர்க்கும் ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 24,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 18,500 ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே வரட்சி. மரம் குறைந்த திறந்தவெளி. பிறகு சோளகம் மெல்ல வலுத்தது, காடு ஏறியது. நீலகிரியின் கரிமண்ணும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறது: பனியுகத்தின் உச்சத்தில் வரட்சியைத் தாங்கும் வெப்பநிலப் புற்களே அங்கே ஓங்கியிருந்தன.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம் வானத்தில் இருக்கிறது. பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால், சூரியனுக்கு மிக அருகில் நாம் வரும் பருவம் சுமார் 23,000 ஆண்டுச் சுழற்சியில் மாறுகிறது. இன்று அது சனவரியில் நேர்கிறது. ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் அது வடகோளத்தின் கோடையில் நேர்ந்தது. நிலம் கூடுதலாகச் சூடேறிக் கடற்காற்றை வலுவாக இழுத்தது. இன்று பாலைவனமான சகாராவில் அப்போது புல்லும் ஏரிகளும் இருந்தன.

ஆனால் பண்டத்தரிப்பு? சோளகம் தளர்ந்திருந்த அந்தப் பனியுகத்தில் வாடை வலுத்திருந்தது எனக் கடலடிப் படிவங்களைப் படித்தவர்களில் சிலர் கருதுகிறார்கள். அது சரியென்றால் மலைநாடு காய்ந்த காலத்தில் வடக்கும் அதே அளவு காய்ந்திருக்க வேண்டியதில்லை. மலையின் வரலாற்றை அப்படியே பண்டத்தரிப்பு அமைந்த வலிகாமத்துக்குப் பொருத்துவதை நான் ஏற்கவில்லை.

பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக்கு நீரிணை முழுவதும் நிலம். மாதகல் கரை உள்நாடு. யானையும் மானும் இரு பக்கமும் நடந்து போகத் தடை இருக்கவில்லை.

குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லும் காய்ந்து நனையும் செம்பாட்டு மண்ணும் மகரந்தத்தைக் காத்து வைப்பதில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றின் படுகையிலும் நீண்ட காலப் பதிவை எதிர்பார்க்க முடியாது. ஆகவே வடக்கின் பழைய தாவரச் சான்றைத் தேடுபவர்கள் நீரிணையின் அடிச்சேற்றைத் துளைத்துப் பார்ப்பதே வழி என்பேன்.

(தொடரும்)