கண் பழகிய கோடு

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைக் கடக்கிறவர் கண்ணில் இன்று படுவதெல்லாம் ஒரகடத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்தான். ஆனால் இந்த ஊரைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்குக் குறிபார்த்தலோடு நீண்ட உறவு உண்டு. வடகிழக்கே பரங்கிமலை மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்தது. 1963 முதல் அங்கே ராணுவ அதிகாரிகள் பயிற்சி பெறுகிறார்கள். தெற்கே செங்கல்பட்டு வட்டாரத்தில் ஒத்திவாக்கத்தில் போலீசார் சுட்டுப் பழகும் திடலும், அனுமந்தபுரத்தில் ராணுவம் சுட்டுப் பழகும் பரப்பும் இருக்கின்றன. இதே வட்டாரத்தில்தான், 1802-ல், வில்லியம் லாம்ப்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது பரங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். கண், கையருகே ஒரு புள்ளி, தொலைவில் ஒரு புள்ளி என மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்துவதுதான் அந்த வேலையின் உயிர். துப்பாக்கியில் குறிபார்க்க வைத்த சைட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. இப்போது துப்பாக்கியின் தலையில் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடியோ தொலைநோக்கியோ ஏறிவிட்டது. பழைய இரும்பு சைட், அது கெட்டுப்போனால் கை கொடுக்கும் மாற்றாக இறங்கிவிட்டது. அந்த மாற்றை எங்கே வைப்பது? இருநூறு ஆண்டுத் துப்பாக்கி வரலாறு இதற்கு ஒரு விடை சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது: கண் ஏற்கெனவே பழகிய கோட்டில், துப்பாக்கியின் ஆடாத உறுப்பின்மேல். இதில் எது தவறினாலும் மாற்று சைட் வெறும் சுமை.

முதலில் கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 50 செ.மீ. இருக்கிறது என்று கொள்வோம். இரண்டும் அரை மில்லிமீட்டர் பிசகி நின்றால் 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளிப்போகும். ஏகே வகைத் துப்பாக்கிகளில் இந்த இடைவெளி 37.8 செ.மீ.தான், அதே பிசகு அங்கே 13 செ.மீ. ஆகிவிடும். அப்படியானால் பின் சைட்டைக் கண்ணுக்கு அருகே இன்னும் பின்னுக்குத் தள்ளியிருக்கலாமே? அவற்றை வடிவமைத்த கலாஷ்னிகோவ் அப்படிச் செய்யவில்லை. அந்தத் துப்பாக்கியின் பின்பக்க மூடி கழற்றி மாட்டும் மெல்லிய தகடு. அதன்மேல் வைத்த சைட் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இடம் மாறும். அதனால்தான் குழலோடு இறுகிய கட்டையின்மேல், முன்னே தள்ளி வைத்தார்கள். 1966-ல் தொடங்கிய திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலை இன்று செய்யும் ‘திருச்சி அசால்ட் ரைபி’ளும் இந்த மரபில் வந்ததுதான். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி எதிர்த்திசையில் போனது. இஷாப்பூர் தொழிற்சாலை பல்லாண்டு செய்த பழைய மாடலில் பின் சைட் குழலின்மேல் இருந்தது. இடைவெளி சுமார் 49 செ.மீ. நான்காம் எண் மாடலில் அதே சைட் பின்னால் உறுதியான உடற்பகுதிக்கு நகர்ந்தது. இடைவெளி சுமார் 73 செ.மீ. ஆனது. நம் ராணுவம் பல்லாண்டு தூக்கிய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில் இன்னொரு சிக்கல். பின் சைட் ட்ரிகர் இருக்கும் கீழ்ப்பாகத்தில், குழலோ மேல்பாகத்தில். இரண்டையும் இணைக்கும் கீல் தளர்ந்தால் ஜீரோ செய்தது, அதாவது சைட்டைக் குண்டு விழும் இடத்தோடு பொருத்தியது, வீண்.

கோட்டைவிட்டு விலகி வைத்த சைட்டுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதற்கும் லீ-என்ஃபீல்டே சாட்சி. அதன் இடது விலாவில் இரண்டாவதாக ஒரு சைட் இருந்தது. முன்கட்டையில் எண் வட்டம், பின்னே பூட்டருகே நிமிர்த்தக்கூடிய சிறு துளை. 2,800 கஜம் வரை அளவு பொறித்திருந்த அது, 1888-ன் லீ-மெட்ஃபோர்டு காலத்திலிருந்து கூடவே வந்தது. ஒரு கம்பெனி முழுவதும் சேர்ந்து தொலைவில் உள்ள கூட்டத்தின்மேல் குண்டு மழை பொழிவதற்கான ஏற்பாடு அது. 1916-ல் ஏற்கப்பட்ட மாடலில் அது இல்லை. பயன்படவில்லை, செய்ய நேரமில்லை என்பவையே காரணம். அது மாற்று சைட் இல்லையே, வேறு வேலைக்கான கருவியாயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். அந்தப் போர்முறை செத்தது, கருவியும் செத்தது. ஆனால் கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுத்து இடப்பக்கம் சாய்த்துப் பார்க்கச் சொல்லும் எந்தக் கருவியும் அவசரத்தில் நினைவுக்கு வராது என்பதை அது தன் முடிவால் காட்டிவிட்டது. சைட்டில் பொறித்த எண்கள் ஆசைகளைச் சொல்லும் என்பதற்கு இஷாப்பூரே இன்னொரு சான்று தந்தது. 1960களில் 7.62 மி.மீ. குண்டுக்கு மாற்றிய 2ஏ துப்பாக்கியில் பழைய 2,000 வரையான அளவை அப்படியே விட்டிருந்தார்கள். 2ஏ1 வந்தபோது அதை 800 மீட்டராக வெட்டினார்கள். (ஆசையை மட்டுமா, அவநம்பிக்கையையும் சைட் சொல்லும். 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென்று செய்த துப்பாக்கியின் குழலில் உள்முறுக்கு கிடையாது, பின்புறம் ஏற்றி இறக்கும் சைட்டும் கிடையாது. ஒரு நிலையான வெட்டு மட்டுமே.)

தொலைநோக்கி வந்த பிறகு இந்தக் கேள்வி கூர்மையானது. முதல் உலகப்போரில் லீ-என்ஃபீல்டின் மேலே தொலைநோக்கியை வைத்தால் கிளிப்பிலிருந்து குண்டு ஏற்ற முடியாது. அதனால் இடப்பக்கம் தள்ளி மாட்டினார்கள். இரும்பு சைட்டுக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் முதன்மை சைட்டே கோணலாகிவிட்டது. பதுங்குகுழியின் சின்னத் துளை வழியே சுடுகிறவருக்குக் கண் ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம். இரண்டாம் உலகப்போரின் நான்காம் எண் ஸ்னைப்பர் துப்பாக்கியில் தொலைநோக்கியைக் குழலின் நேர்மேலே கொண்டுவந்தார்கள். அதற்காக இரும்பு சைட்டின் ஒரு துளையை அராவியே எடுத்தார்கள். ஆனால் ஏற்றி இறக்கும் பட்டையை விட்டுவைத்தார்கள், தொலைநோக்கி உடைந்தால் கழற்றிவிட்டு அதைத் தூக்கலாம் என்று. நம் ராணுவமும் பயன்படுத்தும் ரஷ்ய டிரகுனோவில் ஏற்பாடு இன்னும் கெட்டித்தனமானது. பிடிமானம் பக்கவாட்டில் இருந்தாலும் தொலைநோக்கி மேலேதான் நிற்கிறது. அதற்கு அடியில் விட்ட சந்து வழியே இரும்பு சைட் தெரிகிறது. அமெரிக்காவில் நடந்தது வேறு. எம்16 துப்பாக்கியின் பின் சைட் மேலே இருந்த கைப்பிடியிலேயே இருந்தது. 1990களில் கைப்பிடியைக் கழற்றித் தொலைநோக்கி மாட்டும் வசதி வந்தபோது பின் சைட்டும் கூடவே கழன்றுபோய், முன் சைட் குழல்மேல் அனாதையாக நின்றது. மடித்து வைக்கும் பின் சைட் பரவியது இந்த ஓட்டையை அடைக்கத்தான். அதை உடற்பகுதியின் தண்டவாளத்தில் பின்னோரத்தில் மாட்டுவது நியாயம். முன் சைட்டைக் குழலைத் தொடாத நீண்ட கைப்பிடி உறையின் நுனியில் மாட்டுவதுதான் சிக்கல். வாரை இழுத்துக் கட்டினாலோ தாங்கியில் அழுத்தினாலோ உறை வளையும், சைட்டும் கூடவே வளையும்.

இன்றைய சிவப்புப் புள்ளிக் கண்ணாடியின் பேட்டரி ஆண்டுக்கணக்கில் ஓடுகிறதே, எதற்கு இந்தப் பழைய இரும்பு என்ற கேள்வி அலட்சியம் செய்யக்கூடியதல்ல. மின்சாரம் கெடுவது குறைந்துவிட்டது. ஆனால் கண்ணாடி கெடுவதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஏசி வண்டியிலிருந்து சென்னைப் புழுக்கத்தில் இறங்கினால் மூக்குக் கண்ணாடியில் பனி படர்வது இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. ஐப்பசி மழைத்துளியும், செம்மண் சேறும் அப்படித்தான். இரும்புத் துளையில் நீர் நின்றால் ஊதினால் போதும். அடுத்து, நிமிர்ந்து நிற்கும் இரும்பு பார்வையை மறைக்கிறது என்கிறார்கள். கண்ணாடியைச் சற்று உயரத் தூக்கி, இரும்பு சைட் அதன் கீழ்ப்பகுதியில் மட்டும் தெரியும்படி வைத்தால் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். தலையைச் சற்றே தாழ்த்தினால் பழைய கோடு அங்கேயே இருக்கும்.

என் வாதத்தை உண்மையில் சோதிப்பது பெரிதாக்கிக் காட்டும் தொலைநோக்கி. அதன் வழியே இரும்பு சைட் தெரியாது. கழற்றாமல் மாற்று வேண்டுமென்றால் 45 பாகை சாய்த்துப் பக்கத்தில் வைப்பது தவிர வேறு வழி குறைவு. இங்கே நான் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இது லீ-என்ஃபீல்டின் விலா சைட் போன்றதும் அல்ல. கன்னம் கட்டையைவிட்டு நகர்வதில்லை. துப்பாக்கிதான் கண்ணுக்காகச் சற்று உருள்கிறது. அப்படி உருட்டிப் பிடித்த நிலையிலேயே அதைத் தனியாக ஜீரோ செய்யவும் வேண்டும், இல்லாவிட்டால் தொலைவு கூடக் கூடக் குண்டு ஒரு பக்கமாக விலகும். உள்நோக்கி உருட்டுவது எளிது என்பதால் வலக்கைக்காரர் அதை வலப்பக்கம் வைக்கிறார்கள். அதே துப்பாக்கி இடக்கைக்காரர் ஒருவர் கைக்குப் போனால் சைட்டைக் கழற்றி மறுபக்கம் மாட்டி, ஜீரோவை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.