பெட்டியும் அலையும்

பாவூர்சத்திரம் சந்தையில் மண்வெட்டி வாங்குகிறவன் அதைத் தன் வயலில் போட்டால் அது வெட்டும். அயலூர் வயலில் போட்டாலும் வெட்டும். அம்மியும் ஆட்டுக்கல்லும் அப்படியே. தொலைக்காட்சிப் பெட்டியின் நிலை வேறு. விலை கொடுத்து நாம் வீட்டுக்குக் கொண்டுவருவது ஒரு பொருளின் பாதிதான். மறு பாதி எங்கோ ஒரு மலையுச்சியிலோ, கோபுரத்திலோ, விண்ணில் நிற்கும் துணைக்கோளிலோ இருக்கிறது. அங்கிருந்து வரும் அலை எந்த முறையில் அமைந்ததோ அந்த முறை இந்தப் பெட்டிக்குப் புரிய வேண்டும். புரியாவிட்டால் அது மேசைமேல் வைத்த வெறும் கண்ணாடி. இந்த உண்மையை அறியாமல் நம் மக்கள் பெட்டி வாங்கிய வரலாறு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. மாணவ நண்பர்களே, அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னைக்கு அது வந்து சேர்ந்தது 1975 ஆகஸ்டு 15இல். கீழப்பாவூரிலிருந்து சென்னை ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. நில உருண்டையின் வளைவுக்கு அப்பால் இறங்கிவருவது அதன் இயல்பன்று. ஆதலால் சென்னை மக்கள் வயலும் வாழ்வும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நாம் அதைப் பற்றிப் பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்தோம்.

நமக்கு முதற் படம் வந்தது கடலுக்கு அப்பாலிருந்து. இலங்கையில் 1979இல் ஒரு தொலைக்காட்சி நிலையமும், 1982 பிப்ரவரியில் ரூபவாகினி என்னும் தேசிய நிலையமும் தோன்றின. அந்நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையின் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 2,524 மீட்டர். அங்கிருந்து புறப்பட்ட அலை கடலைத் தாண்டித் தூத்துக்குடி, நெல்லைக் கரைகளில் விழுந்தது. கடல் மேலுள்ள காற்றில் வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காக அமையும் நாள்களில், அலை வளைந்து நெடுந்தூரம் செல்வதுண்டு. அதனால் ஓரிரவு தெளிவாகத் தெரிந்த படம் மறுநாள் தெரியாது. வீட்டு மாடிகளில் நெடுங்கம்பம் நட்டு, தென்கிழக்கு நோக்கி ஆன்டெனாவைத் திருப்பி, பூஸ்டர் என்னும் பெருக்கியையும் பூட்டிவைத்தார்கள். கம்பத்தைத் திருப்புகிறவர் மேலே நின்று, "தெரிகிறதா?" என்பார், கீழே இருக்கிறவர், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பார். அக்காலத்தைக் கண்டவர்களுக்கு இது நினைவிருக்கும்.

கடைக்காரர்கள் அந்நாளில் பெட்டியைப் புகழ்ந்த சொல், "இலங்கை நன்றாக எடுக்கும்" என்பது. இலங்கையை எடுத்ததில் பெட்டியின் பங்கு சிறிது. கம்பத்தின் உயரமும் காற்றின் நிலையும்தான் பெரும்பங்கு. தூத்துக்குடியில் உறவினர் வீட்டில் கண்ட படத்தை நம்பி, அதே பெட்டியை வாங்கி, மேற்கே மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்தவர்களுக்குப் பல நாள் புள்ளிகளே காட்சியாயின.

அடுத்து வந்தது நிறம். 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு இந்தியாவில் நிறத் தொலைக்காட்சி தொடங்கியது. உலகில் அப்போது நிறத்தை அலையில் ஏற்ற மூன்று முறைகள் வழங்கின. 1953இல் அமெரிக்கா ஏற்றது என்.டி.எஸ்.சி.; ஜெர்மனியில் வால்டர் புரூக் என்னும் பொறியாளர் அமைத்தது பால்; பிரான்சு அமைத்தது சீகம். அமெரிக்க முறையில் படம் 525 கோடுகளால் ஆனது. மற்றவற்றில் 625 கோடுகள். இந்தியாவும் இலங்கையும் பால் முறையைத் தேர்ந்தன. ஒன்றை வாங்கினால் இரண்டையும் பார்க்கலாம் என்றது நம் நற்பேறு.

ஆயினும் கடையநல்லூர், தென்காசிப் பக்கங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் பலர். அவர்கள் விடுமுறைக்குத் திரும்பும்போது பெட்டி கொண்டுவருவது வழக்கமாயிற்று. துபாயில் வழங்கியது பால் முறை. அங்கு வாங்கிய பெட்டி இங்கே பழுதின்றி ஓடியது. சவூதி அரேபியாவில் அந்நாளில் வழங்கியது சீகம். அம்முறைக்கு மட்டும் அமைந்த பெட்டியில் நம் ஒளிபரப்பு கறுப்பு வெள்ளையாகவே தெரியும். இரண்டும் புதிய பெட்டிகள், இரண்டும் பெயர்பெற்ற ஜப்பானியப் பெட்டிகள். ஒரு வீட்டில் நிறம் உண்டு, பக்கத்து வீட்டில் இல்லை. பிரிட்டனிலிருந்து வந்த பெட்டியின் கதை இன்னும் வேடிக்கை. அங்கும் பால் முறைதான். ஆனால் படத்துக்கும் ஒலிக்கும் இடையே வைக்கும் அலைவெண் வேறுபாடு அங்கே ஆறு மெகாஹெர்ட்சு, இங்கே ஐந்தரை. படம் வரும், நிறம் வரும், குரல் மட்டும் வராது. பழுது பார்ப்பவர்கள் அதைத் திறந்து, உரிய சுருளை மாற்றிக் குரல் கொடுத்தார்கள். பிறகு பல முறைகளையும் அறியும் 'மல்டி சிஸ்டம்' பெட்டிகள் வந்தன. அந்தச் சொல்லின் பொருள் தெரியாதவர்களும் அதைக் கேட்டு வாங்கக் கற்றுக்கொண்டனர்.

இவ்விடத்தில் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நிறத்தைக் கொண்டுவந்த பொறியாளர்கள் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கைவிடவில்லை. ஒளியின் ஏற்றத்தாழ்வைப் பழையபடி அனுப்பி, நிறச் செய்தியை அதன்மேல் தனியே ஏற்றினார்கள். பழைய பெட்டி தனக்குரியதை எடுத்துக்கொண்டது. புதிய பெட்டி இரண்டையும் எடுத்துக்கொண்டது. நிறம் வந்த நாளில் இந்தியாவில் ஒரு பெட்டியும் பயனற்றுப் போகவில்லை. புதியதைச் செய்யும்போது பழையதை வைத்திருப்பவனையும் எண்ணிச் செய்த அந்தத் திட்டத்தைப் பொறியியலின் அறம் என்றே சொல்வேன்.

1984இலும் அதனை அடுத்தும் நாடெங்கும் சிறு ஆற்றல் நிலையங்கள் விரைந்து எழுந்தன. அவற்றின் வழியே நமக்குக் கிடைத்தது பெரும்பாலும் தில்லியின் இந்தி நிகழ்ச்சி. பிறகு கொடைக்கானல் மலையிலிருந்து சென்னைத் தமிழ் நிகழ்ச்சிகள் தென்மாவட்டங்களை எட்டின. 1990களில் கேபிள் வந்தது. தெருத்தெருவாகக் கறுப்புக் கம்பி ஓடியது. மாடிக் கம்பங்கள் துணி உலர்த்தும் கொடிக்குத் துணையாயின. இவ்வளவு காலமும் அலையின் அடிப்படை முறை ஒன்றே. அதுதான் அனலாக் என்னும் தொடர்முறை.

தொடர்முறையில், காட்சியின் ஒளி கூடினால் மின்னலையும் அதற்கேற்பக் கூடும், குறைந்தால் குறையும். பொருளும் நிழலும் போல. நிழல் மங்கினாலும் உருவம் ஓரளவு தெரிவதுபோல, அலை நலிந்தாலும் புள்ளிகளுக்கிடையே முகம் தெரியும். டிஜிட்டல் என்னும் எண்முறையில் காட்சி முதலில் எண்களாக்கப்படுகிறது. எண்கள் பூச்சியமும் ஒன்றுமாக எழுதப்பட்டு, சுருக்கப்பட்டு, அனுப்பப்படுகின்றன. ஒரே அலைவரிசை இடத்தில் முன்பு ஒரு நிகழ்ச்சி சென்றது. இப்போது பல செல்லலாம். எண்கள் வந்து சேரும்வரை படம் மாசற்றது. குறிப்பிட்ட அளவுக்குமேல் எண்கள் தவறினால் படம் கட்டங்கட்டமாக உடைந்து, நின்று, மறையும். விண்ணிலிருந்து நேரே வீட்டுக்கு வரும் அலையைக் கிண்ண ஆன்டெனாவில் பெறுகிறவர்கள் இதை அறிவார்கள். குற்றாலச் சாரலை அது பொறுக்கும். ஐப்பசியின் அடைமழையை எப்போதும் பொறுப்பதில்லை.

ஆனால் பழைய பெட்டிக்கு எண்மொழி தெரியாது. நிறம் வந்தபோது இருந்த இணக்கம் இங்கே இல்லை. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவரே செட்டாப் பாக்ஸ்.

நம் நாட்டில் இந்தப் பாக்ஸ் சட்டத்தின் வழியாகவே பெருவாரியாக வந்தது. கட்டணச் சேனல்களைப் பாக்ஸ் வழியே தரும் ஏற்பாடு 2003 செப்டம்பரில் சென்னையில் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டு, நாடு முழுதும் கேபிளை எண்முறைக்கு மாற்ற நான்கு கட்டங்கள் வகுக்கப்பட்டன. முதலில் நான்கு மாநகரங்கள், அடுத்து 38 நகரங்கள், பிறகு ஏனைய நகர்ப்புறம், இறுதியில் சிற்றூர்கள். கடைசிக் கெடு 2017 மார்ச் 31. தமிழ்நாட்டில் 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்து பரவியிருந்த அரசு கேபிள் நிறுவனம் எண்முறை உரிமம் பெற்றது 2017 ஏப்ரலில்தான்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே நம் குடிசைகளில் பெட்டி இருந்தது. 2006 செப்டம்பரில் தொடங்கி 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடி அளவுக்கு 14 அங்குல நிறப் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. அவை கண்ணாடிக் குழாய் கொண்ட தொடர்முறைப் பெட்டிகள். "அனலாக் நிற்கப்போகிறது; டிஜிட்டல் வரப்போகிறது" என்ற செய்தி ஊருக்குள் வந்தபோது, அந்தப் பெட்டிகளின் கதி என்ன என்ற கவலையும் வந்தது.

கவலைக்கு இடமில்லை என்பதே உண்மை. பெட்டியின் பின்புறமோ பக்கவாட்டிலோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத்தில் துளைகள் இருந்தால் போதும்; பாக்ஸிலிருந்து வரும் மூன்று நிறக் கம்பியை அவற்றில் செருகினால் படம் வரும். துளைகளே இல்லாத முதிய பெட்டிக்கும், ஆன்டெனா வாயில் செருகத்தக்க சிறு கருவி ஒன்று உண்டு. இதை எடுத்துச் சொல்பவர் குறைவு. "டிஜிட்டல் டிவி வாங்கிவிடுங்கள்" என்று சொல்பவர் மிகுதி. கூலி வேலை செய்யும் ஒரு குடும்பத்தார், என்னிடம் படித்த பையனின் பெற்றோர், நல்ல நிலையில் இருந்த பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டுத் தவணையில் மெல்லிய பெட்டி வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் அதற்கும் பாக்ஸ் வேண்டும் என்று தெரிந்தது. அந்தத் தாய் என்னைக் கேட்டார்: "டிஜிட்டல் டிவின்னுதானே ஸார் வாங்கினோம், திரும்ப எதுக்கு டிஜிட்டல் பாக்ஸ்?" நியாயமான கேள்வி.

அந்த ஒரு சொல் கடையில் மூன்று பொருளில் வழங்கியதே குழப்பத்தின் வேர். பெட்டி தட்டையாக இருந்தால் டிஜிட்டல் என்றார்கள். அது கண்ணாடியைப் பற்றியது. உள்ளே ஒலியையும் படத்தையும் சீர்செய்யும் சில்லு இருந்தால் டிஜிட்டல் என்று அட்டையில் அச்சிட்டார்கள். அது பெட்டியின் வயிற்றைப் பற்றியது. சட்டம் சொன்ன டிஜிட்டலோ வந்து சேரும் அலையைப் பற்றியது. மெல்லிய பெட்டி பலவற்றில் உள்ளே இருந்தது பழைய தொடர்முறை ஏற்பிதான். எண்முறை ஏற்பி இருந்தாலும், கட்டணச் சேனல்களைப் பூட்டி அனுப்புவதால் அந்தப் பூட்டைத் திறக்க நிறுவனத்தின் பாக்ஸே வேண்டும். ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்துக்கு உதவாது என்பது வேறு தொல்லை. எந்த பாக்ஸும் எங்கும் பயன்பட வேண்டும் என ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் பரிந்துரைத்தது.

அமெரிக்காவிலும் இதே குழப்பம் எழுந்தது. அங்கே 2007இலேயே, தொடர்முறை ஏற்பி மட்டும் உள்ள பெட்டியை விற்கும் கடை, 'இதற்கு மாற்றுக்கருவி தேவைப்படும்' என்னும் எச்சரிக்கை அட்டையைப் பெட்டியருகே வைக்க வேண்டும் என்று விதித்தார்கள். மாற்றுக்கருவி வாங்க வீட்டுக்கு இரண்டு நாற்பது டாலர் சீட்டுகளை அரசு தந்தது. அவ்வளவு செய்தும் மக்கள் ஆயத்தமாகவில்லை என்று 2009 பிப்ரவரிக் கெடுவை ஜூன் 12க்குத் தள்ளிவைத்தார்கள். நம் சட்டம் கேபிள் நடத்துபவருக்குக் கெடு வைத்தது. கடைக்காரர் வாங்குபவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதில் அதன் கண் செல்லவில்லை. எச்சரிக்கை அட்டை எதையும் நம் பக்கத்துக் கடைகளில் நான் கண்டதில்லை. தமிழ்நாட்டில் அரசு கேபிள் நிறுவனம் 2017 முதல் பாக்ஸை இலவசமாக வழங்கியது பல ஏழை வீடுகளின் 14 அங்குலப் பெட்டியைக் காத்தது. அதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

2022க்குள் தூரதர்ஷன் தன் தொடர்முறைத் தரைவழி நிலையங்களில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. மாடி ஆன்டெனாவை நம்பியிருந்த மிகச் சிலருக்கு எஞ்சிய வழி, 2004 டிசம்பரில் தொடங்கிய தூரதர்ஷனின் கட்டணமில்லாக் கிண்ணச் சேவை. அதற்கும் ஒரு பாக்ஸ் தேவைப்பட்டது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112 என்னும் தரத்தை வெளியிட்டது. அதன்படி செய்த பெட்டியின் உள்ளேயே துணைக்கோள் ஏற்பி இருக்கும். கிண்ணத்திலிருந்து வரும் கம்பியை நேரே அதில் செருகி, பூட்டப்படாத சேனல்களைப் பாக்ஸ் இல்லாமல் பார்க்கலாம். பூட்டியவற்றுக்குப் பாக்ஸ் வேண்டும்.