லயத்து மண்ணில் ஒரு பூட்டு

பதுளைப் பகுதித் தோட்டங்களில், பழைய லயங்களின் ஓரத்தில் மரக்கறிப் பாத்தி கொத்துவோரின் மண்வெட்டியில் துருவேறிய இரும்புத் துண்டுகள் தட்டுப்படுவதுண்டு. ஆமைப்பூட்டின் வளையமாகவோ, சாவித்துவாரத்தை மூடிய பித்தளைத் தகடாகவோ அது இருக்கலாம். குப்பையென எறியுமுன் அதைச் சற்று விசாரிப்போம்.

தகட்டில் முடியும் 'வீ. ஆர்.' என்ற எழுத்துக்களும் இருந்தால், அது பெரும்பாலும் விக்டோரியா அரசியின் காலத்தது (1837–1901). 'ஜீ. ஆர்.' எனில், தோட்டங்களைப் பொறுத்தவரை, 1910க்குப் பிற்பட்ட ஜோர்ஜ் மன்னர்களின் காலம். உள்ளே சுருள்வில்லால் தாங்கப்பட்ட சிறு ஊசிகளும் தட்டைச் சாவியும் கொண்ட அமைப்புக்கு அமெரிக்கரான லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை பெற்றார். உருக்குத் தகடுகளை அடுக்கி அறைந்த பூட்டாயின், 1920களுக்கு முற்பட்டதாகாது.

ஆனால் இவை பூட்டு செய்யப்பட்ட காலத்தையே கூறும். பாட்டன் வாங்கிய பூட்டு பேரன் காலத்திலும் தொங்கும். அது மண்ணுள் போன காலத்தைக் கூறுவன, கிடைத்த இடமும் ஆழமும் உடன் கிடைத்த காசும் ஓடுமே. ஆகவே அவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். துருவைச் சுரண்டினால் முத்திரையும் அழிந்துபோகும்.

இதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு: அது யாருடைய கதவிற் தொங்கியது? அரிசிக் களஞ்சியத்துக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் தோட்டக் கந்தோருக்கும் காக்கவேண்டிய செல்வம் இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பூட்டிவைக்க என்ன இருந்தது? தொழிலாளியைப் பிணைத்த பூட்டோ இரும்பாலானதன்று. கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டம் செல்லவிடாத 'துண்டு' என்னும் கடதாசி அது. 1921இலேயே அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. கடதாசி மண்ணில் நிலைக்காது; பாட்டன் பாட்டி சொல்லக் கேட்டோரின் நினைவிலேயே அதனைத் தேடவேண்டும்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் தொல்பொருளுக்கு வகுத்த எல்லை 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள். கோப்பித் தோட்டங்களுக்கு நம் மக்கள் வந்ததோ அதன் பின்னர். சட்டம் வகுத்த அவ்வெல்லைக்கு வெளியே நின்றது, மலைகளைத் தோட்டமாக்கியவர்களின் முழு வரலாறும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! அனுமதியின்றிப் பழைய இடங்களைத் தோண்டச் சொல்லவில்லை. மண் தானாகத் தருவதைப் பாடசாலை அலுமாரியில் வையுங்கள். எந்த லயம், எந்த ஆண்டு, யார் கண்டெடுத்தார் என எழுதிவையுங்கள். உழைத்தவனின் வரலாற்றை அவன் பிள்ளைகளே எழுதத் தொடங்கட்டும்.